‘ங்க’ இல்லாத மொழியில் மரியாதை

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பவானியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் இந்தப் பிள்ளைகள், துணியின் எடை, சாயத்தின் எண், ஷிப்மென்ட் தேதி என்று எதையும் மின்னஞ்சலில் தெளிவாக எழுதிவிடுகிறார்கள். பையர், அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆள், தொலைபேசியில் ‘வாட் டூ யூ திங்க்?’ என்று கேட்கும்போதுதான் வாயடைத்துப் போகிறார்கள். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. தமிழிலேயே கேட்டதில்லை. பிறகு ஆங்கிலத்தில் எப்படிப் பதில் வரும்?

மெர்ச்சண்டைசர் என்பவர் வெளிநாட்டுப் பையருக்கும் இங்குள்ள நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல் பிரிவுகளுக்கும் நடுவே நிற்பவர். அந்த வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும், யாரும் எழுத்தில் தராமலேயே, என் தலையில் விழுந்துவிட்டது. அதில் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பின்னலாடைக்கு வெளியே, கோவையின் மென்பொருள் அலுவலகத்திலோ கரூரின் வீட்டுத் துணி ஏற்றுமதியிலோ இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. வாங்க, சொல்லுங்க, ஏனுங்க, சரிங்க, இல்லைங்க. கொங்கு நாட்டுக்காரர் சண்டை பிடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் பிடிப்பார் என்று மற்ற மாவட்டத்தார் கேலி செய்வதுண்டு. கேலி என்றாலும் அதில் உண்மை இருக்கிறது. ‘கட்டுபடியாகாதுங்க’ என்று ஒரு நூல் வியாபாரி சொன்னால், விலையும் மறுக்கப்பட்டுவிடும், எதிரில் இருப்பவருக்கும் மனக்கசப்பு இருக்காது. எவ்வளவு கடினமான கருத்தையும் அந்த ஈரெழுத்து தாங்கிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. ஆகவே நம் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ‘சார்’ என்று ஒட்டவைக்கிறார்கள். இல்லையென்றால் கருத்தையே விழுங்கிவிடுகிறார்கள். ‘சார்’ ஒட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை. டென்மார்க்கிலிருந்து பேசும் இருபத்தைந்து வயதுப் பெண், தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்ட பிறகும் நாம் ‘மேடம், மேடம்’ என்றால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். விழுங்குவதுதான் ஆபத்து. இங்கே அடக்கமாகக் கொள்ளப்படும் மௌனத்தை, அங்கே இருப்பவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில வேளைகளில் அக்கறை இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பணிவுப் பேச்சைப் பற்றி மொழியியலில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்டது. 1987இல் தனி நூலாகவும் வந்தது. அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் செல்டால், நம் தமிழ். அந்தத் தமிழும் எங்கோ எடுத்ததில்லை, கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத்தில் எடுத்தது. நம் தாத்தா பாட்டிகளின் பேச்சை வைத்து உலகத்துக்குப் பணிவின் இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். நாமோ பணிவாக ஆங்கிலம் பேசுவது எப்படி என்று கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவர்கள் சொன்னதில் எனக்கு வேலைக்கு உதவியது ஒன்று. எல்லா ஊரிலும் மனிதருக்கு இரண்டு விருப்பங்கள் உண்டாம். தன்னையும் தன் செயலையும் பிறர் மெச்ச வேண்டும் என்பது ஒன்று. தன்னை யாரும் நெருக்கக்கூடாது, தன் வழியில் விட வேண்டும் என்பது மற்றொன்று. மாற்றுக் கருத்துச் சொன்னால் முதலாவதில் அடி விழுகிறது. ‘இப்படிச் செய்யுங்கள்’ என்றால் இரண்டாவதில் கை வைக்கிறோம். ஆகவே ஆங்கிலத்தின் பணிவான சொற்றொடர்களை மனப்பாடம் செய்யாமல், இது எந்த அடியைத் தடுக்க வந்தது என்று பிரித்துப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ‘ஐ லைக் த கலர்’ என்று தொடங்குவது முதலாவதற்கு. ‘வுட் யூ பி ஓபன் டு...’ என்று கேள்வியாக முடிப்பது இரண்டாவதற்கு.

இலக்கணமாகப் பார்த்தால் ஆங்கிலம் தன் ‘ங்க’வைக் காலத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. ஒருவரைப் பன்மையில் அழைத்து நாம் மரியாதைக்கு இடம் விடுகிறோம். அவர்கள் இப்போது நடப்பதை இறந்தகாலத்தில் சொல்லி இடம் விடுகிறார்கள். ‘ஐ வான்ட் டு ஆஸ்க்’ என்பதைவிட ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ மென்மையானது. ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’, ‘வில் யூ’ என்பதைவிட ‘வுட் யூ’. ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்று யாராவது தொடங்கினால், நேற்று எதையோ யோசித்த கதையைச் சொல்லப்போகிறார் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதுதான் ஏதோ கேட்கப்போகிறார்.

‘ப்ளீஸ்’ போட்டால் பணிவு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ‘ப்ளீஸ் கிவ் யுவர் கமெண்ட்ஸ்’ என்பது ப்ளீஸ் போட்ட கட்டளை. ‘கைண்ட்லி’ சேர்த்தால் பழைய அரசாங்கக் கடிதத்தின் வாடை வருகிறது. ‘வி வுட் பி கிளாட் டு ஹியர் யுவர் தாட்ஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இனி ‘வீ வில் ட்ரை’ பற்றி. இந்த மூன்று சொற்களால் இந்த ஊரில் நஷ்டமான பணத்தை யாரும் கணக்கெடுத்ததில்லை.

எங்கள் பிரிவில் இருந்த ஒரு பையன், ஈரோட்டுப் பக்கம், நல்ல உழைப்பாளி. பையர் அழைத்து, ஷிப்மென்டை இரண்டு வாரம் முன்னால் அனுப்ப முடியுமா, உன் கருத்து என்ன என்று கேட்டிருக்கிறார். சாயப்பட்டறையில் எங்கள் முறை வருவதற்கே நாள் ஆகும் என்று பையனுக்குத் தெரியும். அவன் ‘வீ வில் ட்ரை சார், பட் டிஃபிகல்ட்’ என்றான். அவன் கணக்கில் அது மறுப்பு. உறவுக்காரர் கடன் கேட்டு வந்தால் ‘பார்க்கலாம்ங்க, கொஞ்சம் சிரமம்தானுங்க’ என்போம். வந்தவரும் காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அதே இலக்கணத்தில்தான் இவனும் பேசினான். பையர் கேட்ட இலக்கணம் வேறு. ‘ட்ரை’ என்றால் முயற்சி நடக்கப்போகிறது, ‘டிஃபிகல்ட்’ என்றால் கடினம், ஆனால் நடக்கும். புதுத் தேதியைத் தன் கணினியில் ஏற்றிவிட்டார். கடையில் அந்த வாரமே தள்ளுபடி விற்பனைக்கு இடமும் ஒதுக்கிவிட்டார்.

விஷயம் வெடித்தபோது பெட்டிகளைக் கப்பலில் அனுப்ப நேரமில்லை. விமானத்தில் அனுப்புவதா, அந்தச் செலவு யாருடையது என்று வாரக்கணக்கில் கடிதப் போர் நடந்தது. ‘நான் ஒத்துக்கொள்ளவே இல்லையே அக்கா’ என்று பையன் கலங்கினான். அவன் சொன்னது உண்மை. பையர் தரப்பில் ‘நீங்கள் மறுக்கவே இல்லையே’ என்றார்கள். அதுவும் உண்மை.

இதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ‘ட்ரை’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் நான் சொல்லிக்கொடுப்பது இது: ‘ஐ டோண்ட் திங்க் வீ கேன் ஷிப் தட் எர்லி. டையிங் அலோன் நீட்ஸ் டென் டேஸ். வுட் ஹாஃப் த குவாண்டிட்டி ஹெல்ப்?’ முதல் வாக்கியம் மறுக்கிறது, அடுத்தது காரணம் சொல்கிறது, கடைசியானது மாற்று வழி ஒன்றைக் கேள்வியாக நீட்டுகிறது. இந்த மூன்றும் இருந்தால் உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. காரணம் இல்லாத மறுப்பைத்தான் அவர்கள் முரட்டுத்தனமாகக் கொள்கிறார்கள். நாமோ காரணத்தைச் சொல்வது சாக்குப்போக்கு ஆகிவிடும் என்று தயங்கி, அதை விட்டுவிட்டு வெறும் ‘ஸாரி’யை மூன்று தடவை சொல்கிறோம்.

அந்த முதல் வாக்கியத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘ஐ திங்க் வீ காண்ட்’ என்று சொல்லவில்லை, ‘ஐ டோண்ட் திங்க் வீ கேன்’ என்று சொல்கிறோம். எதிர்மறை நம் நினைப்பின் மேல் விழுகிறது, அவருடைய கோரிக்கையின் மேல் விழவில்லை. பொருள் ஒன்றுதான். காதில் விழும் வேகம் வேறு.

கருத்துச் சொல்வதைவிடக் கருத்துக் கேட்பது எளிது என்று தோன்றும். எனக்கு அனுபவம் நேர் எதிர். ‘ஈஸ் இட் ஓகே?’ என்று கேட்டால் ‘ஓகே’ என்றுதான் பதில் வரும். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வருந்துவதில் பயனில்லை. ‘டோண்ட் யூ திங்க் இட்ஸ் நைஸ்?’ இன்னும் மோசம். அது கேள்வி வேடம் போட்ட வற்புறுத்தல். ‘வாட் இஸ் யுவர் ஒப்பீனியன்?’ தவறில்லை, ஆனால் தேர்வுத்தாள் கேள்வியைப் போல் விறைப்பாக நிற்கும்.

நல்ல கேள்வி குறுகலாக இருக்கும். ஒரு நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறை ஆய்வகத்தில் சிறு துண்டுத் துணியில் போட்டுப் பார்க்கும் சாய மாதிரிகள் அவை. விளக்குப் பெட்டியில் டி65 வெளிச்சத்தில், அதாவது பகலுக்கு ஒப்பான வெளிச்சத்தில், பையர் கேட்ட நிறத்துக்கு ஏ நெருக்கமாக இருக்கும். டிஎல்84இல், அதாவது ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்குக்கு ஒப்பான வெளிச்சத்தில், பி நெருக்கமாக இருக்கும். இந்த நிலையில் ‘பிளீஸ் அப்ரூவ்’ என்று எழுதுவது வீண். ‘அண்டர் ஸ்டோர் லைட், பி லுக்ஸ் க்ளோசர் டு அஸ். ஹவ் டஸ் இட் லுக் டு யூ?’ என்று எழுதினால், எந்த வெளிச்சத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. நம் கருத்தும் முன்னே வைக்கப்பட்டுவிட்டது. அவர் மாறுபடவும் வழி திறந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ‘இஸ் தேர் எனிதிங் யூ வுட் சேஞ்ச்?’ எதையாவது மாற்ற நினைக்கிறீர்களா என்பதுதான். குறை சொல்ல அனுமதி கொடுக்கும் கேள்வி இது. சாம்பிளைப் பாராட்டிக்கொண்டே இருக்கும் பையரும், இதைக் கேட்டதும் ஒரு நொடி நிறுத்தி, ‘வெல், த ஸ்லீவ் மேபி...’ என்று தொடங்குவார். அந்த ‘மேபி’க்குப் பின்னால் வருவதைத்தான் ஆடையின் வடிவத்தை அளந்து வரையும் பேட்டர்ன் மாஸ்டரிடம் கொண்டு போக வேண்டும்.

இதைத் தமிழிலும் செய்து பார்த்திருக்கிறேன். எங்கள் மாஸ்டரிடம் குழந்தைகள் டி-ஷர்ட்டைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்பார். பையர் அனுப்பிய அளவை அவர் எப்படிக் குறை சொல்வார்? ‘மாஸ்டர், இதில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?’ என்று கேட்டேன். உடனே டேப்பை எடுத்துக் கழுத்தை இழுத்து அளந்தார். இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் இருக்கும். இந்தக் கழுத்து அவ்வளவு விரியாது, தோளில் ஒரு பட்டன் வைக்க வேண்டும் என்றார். அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கூட்டத்தில் கருத்துக் கேட்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலாளி முதலில் வாய் திறந்துவிட்டால் பிறகு அங்கே கருத்து என்று எதுவும் மிஞ்சாது. மூத்தவர்களுக்கு முன் பேசக்கூடாது என்று வளர்ந்த ஊர் இது. ஆகவே வயதில் சிறியவரிடமிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். எங்கள் எம்.டி.யிடம் இதைச் சொன்னபோது, ‘அப்படியென்றால் நான் கடைசியா?’ என்று சிரித்தார். ஆனால் கடைசியாகவே பேசுகிறார்.

கருத்துச் சொல்வதற்கு ஓர் உதாரணம். கோடைக்கால ஆர்டர் ஒன்றுக்கு வெள்ளை டி-ஷர்ட்டை 140 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்ஸி என்ற மெல்லிய பின்னல் துணியில் கேட்டார்கள். ஒரு சதுர மீட்டர் துணி 140 கிராம் எடை. வெள்ளையில் அது உள்ளாடையைக் காட்டிக் கொடுத்துவிடும். பிரிவில் எல்லோருக்கும் இது தெரியும். சொல்ல யாரும் முன்வரவில்லை, ‘அவர்கள் கேட்டதை நாம் எப்படி வேண்டாம் என்பது’ என்று. தாராபுரத்திலிருந்து வந்த பெண் ஒருத்தியைப் பேச வைத்தேன். அவள் சொன்னது: ‘ஐ லைக் த லைட் ஃபீல். மை ஒன்லி வொரி இஸ், இன் வைட் இட் மைட் ஷோ த்ரூ. வுட் யூ லைக் டு ஸீ ஒன் சாம்பிள் இன் 160?’

இதில் பாராட்டு பொய்யில்லை. மெல்லிய துணி உண்மையிலேயே கோடைக்கு இதமானது. பொய்யாகப் பாராட்டினால் அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நம்முடைய ‘வெரி நைஸ், வெரி நைஸ்’ எல்லாம் அங்கே சிரிப்புக்குள்ளாகிறது. ‘மை ஒன்லி வொரி’ என்பதால் குறை அவர் மேல் போகாமல் நம் கவலையாக நிற்கிறது. ‘மைட்’ ஒன்றே ஒன்றுதான் மென்மைக்காகப் பூசிய மெழுகு. அதற்கு மேல் பூசக்கூடாது. ‘ஐ திங்க் மேபி பாசிப்ளி இட் மைட் பி எ லிட்டில் பிட்...’ என்று ஒரு பையன் பேசிக்கொண்டே போனபோது, மறுமுனையில் இருந்தவர், ‘ஸாரி, இஸ் தேர் எ பிராப்ளம் ஆர் நாட்?’ என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி.

மென்மையாகச் சொல்லவே கூடாத இடமும் இருக்கிறது. இதைப் பணிவுப் பாடம் நடத்துபவர்கள் சொல்வதே இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கான தலைமூடி (ஹூட்) வைத்த ஆடையில், தலைமூடியில் கயிறு கோக்கச் சொல்லி வரைபடம் வந்தது. ஐரோப்பாவின் ஈ.என். 14682 என்ற தரநிலை, சிறு குழந்தைகளின் ஆடையில் தலைமூடிப் பகுதியிலும் கழுத்துப் பகுதியிலும் கயிறு கூடாது என்கிறது. சறுக்குமரத்தில் சிக்கினால் கழுத்தை நெரித்துவிடும். இங்கே ‘ஐ திங்க்’ என்று தொடங்கினால், தரநிலை நம்முடைய சொந்த அபிப்பிராயம் ஆகிவிடுகிறது. ‘த ஸ்டாண்டர்ட் டஸ் நாட் அலவ் எ கார்ட் ஹியர்’ என்று நேராகச் சொல்ல வேண்டும். பணிவு வேண்டுமென்றால் அடுத்த வாக்கியத்தில், ‘வீ கேன் ஆஃபர் எ ஸ்நாப் பட்டன் இன்ஸ்டெட்’ என்று வைத்துக்கொள்ளலாம். கருத்தை ‘ஐ திங்க்’ போட்டும், உண்மையை அது போடாமலும் பேசுபவரைத்தான் பையர்கள் நம்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘ஐ திங்க்’ போடுபவரிடம் ஒவ்வொரு முறையும், ‘ஆர் யூ ஷ்யூர்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம் வாயில் பழகிப்போன சில சொற்கள், நாம் அறியாமலேயே காரமாகிவிடுகின்றன. ‘ஆக்சுவலி’ என்று வாக்கியத்தைத் தொடங்குவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. கேட்பவருக்கோ ‘நீங்கள் சொன்னது தவறு’ என்ற தொனி. ‘சாம்பிள் அனுப்பிவிட்டீர்களா?’ என்றால் ‘ஆஃப் கோர்ஸ்’ என்கிறோம், ‘இதைக்கூடவா கேட்பது?’ என்று அங்கே கேட்கிறது. ‘யெஸ், வீ ஹாவ்’ போதும். ‘அக்கார்டிங் டு மீ’ என்று ஆங்கிலத்தில் வழக்கமில்லை, பிறர் சொன்னதற்குத்தான் ‘அக்கார்டிங் டு’. ‘யூ ஹாட் பெட்டர்’ என்பதைப் பள்ளிப் புத்தகம் அறிவுரை என்று கற்பித்திருக்கும். பேச்சில் அது எச்சரிக்கை, கேட்காவிட்டால் வினை வரும் என்பதைப் போல. ‘வொய்?’ என்று தனியாக ஒற்றைச் சொல்லில் கேட்டால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதாக இருக்கும். ‘மே ஐ ஆஸ்க் வொய்?’ என்றால் அதே கேள்வி அறிந்துகொள்ளும் ஆர்வமாகிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சேர்க்க வேண்டும். நம்மிடம் வரும் பையர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியே இல்லை. 1978 வாக்கில் வெரோனா என்ற இத்தாலியர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்ததிலிருந்துதான் ஐரோப்பிய ஏற்றுமதி சூடுபிடித்தது என்று ஊரில் சொல்வார்கள். அன்று வாங்கியவருக்கும் விற்றவருக்கும் ஆங்கிலம் இரவல்தான். இன்றும் நெதர்லாந்துக்காரரும் ஜெர்மானியரும் ‘திஸ் இஸ் ராங்’ என்று நேராகச் சொல்லிவிட்டு மதிய உணவுக்குப் போய்விடுவார்கள். அதில் கோபம் இருப்பது அரிது. நம் பிள்ளைகள் அன்று முழுவதும் முகம் வாடிக் கிடப்பார்கள். ஆங்கிலேயர் கதை வேறு. ‘வீ ஆர் எ லிட்டில் கன்சர்ண்ட்’ என்று லண்டனிலிருந்து வந்தால், அந்த ‘லிட்டில்’ஐ நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே எழுந்து ஓட வேண்டும். ‘க்வைட் நைஸ்’ என்று ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் ‘சுமாராக இருக்கிறது’. அமெரிக்கர் சொன்னால் ‘நன்றாகவே இருக்கிறது’. அமெரிக்கர் ‘லவ் இட்’ என்று தொடங்கினாலும் மின்னஞ்சலைக் கடைசி வரி வரை படித்துவிட வேண்டும். இவை பொதுப்போக்குகள்தான், ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் குணம் உண்டு.

காணொளி அழைப்பில் தலை விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் தலையை ஆட்டி நாம் ‘சரி’ என்போம். மறுமுனையில் இருப்பவருக்கு அது ‘இல்லை’யாகத் தெரியும், அல்லது எதுவுமே புரியாது. தலை எப்படி ஆடினாலும் வாயால் ‘யெஸ், ஐ அக்ரீ’ அல்லது ‘ஐ ஸீ’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஐ ஸீ’ என்றால் புரிந்தது. ஒத்துக்கொண்டேன் என்று பொருளில்லை. பேரம் பேசும்போது இது மிகவும் உதவும்.

யோசிக்க நேரம் கேட்பதில் வெட்கமே வேண்டாம். லண்டன் அலுவலகம் திறக்கும்போது இங்கே கோடையில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை மணி. நாம் காலையிலிருந்து ஓடிக் களைத்திருக்கும்போது அவர்கள் காபி குடித்துவிட்டுப் புதிதாக உட்கார்ந்திருப்பார்கள். ‘லெட் மீ செக் அண்ட் கம் பேக் டு யூ டுமாரோ’ என்று சொல்லலாம். சொன்னால் மறுநாள் பதில் போய்ச்சேர வேண்டும், ‘இன்னும் தெரியவில்லை’ என்ற பதிலாக இருந்தாலும். மின்னஞ்சலில் ‘வில் ரிவர்ட்’ என்று எழுதும் நம் வழக்கத்தை இந்தியாவுக்கு வெளியே பலர் புரிந்துகொள்வதில்லை. ‘வில் ரிப்ளை’ என்றே எழுதலாம்.

பழகுவதற்கு வகுப்பு எதுவும் நடத்துவதில்லை. மாலை டீ நேரத்தில் ஊர் விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசுகிறோம். சென்னிமலைக்குப் படியேறிப் போவதா, வண்டியில் போவதா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கொடிவேரி அணைக்குப் போகலாமா? அரிசிம்பருப்புச் சாதத்துக்கு நெய்யா, தயிரா? விதி ஒன்றுதான்: காரணம் சொல்லாமல் யாரும் கருத்துச் சொல்லக்கூடாது, ஒருவராவது மாறுபட வேண்டும். பையரிடம் பேசும்போது இல்லாத சூடு இந்த அரிசிம்பருப்பு விவாதத்தில் வந்துவிடும். சூடு வந்தால்தான் ‘ஐ ஸீ வாட் யூ மீன், பட்...’ என்ற சொற்றொடரின் அருமை தெரிகிறது. சொந்த ஊர் விஷயத்தில் ஏற்கெனவே உறுதியான கருத்து இருப்பதால், மொழியில் மட்டும் கவனம் வைத்தால் போதும். சுற்றுச்சூழல் மாசு, செல்பேசியின் தீமைகள் என்று பாடப்புத்தகத் தலைப்புகளைக் கொடுத்தால் மனப்பாடக் கட்டுரைதான் வரும். அதில் யாருடைய கருத்தும் இருக்காது. முதலில் பேசாதவர்களை வற்புறுத்துவதில்லை. ‘ஹவ் அபௌட் யூ?’ என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிக் கேட்க வேண்டும் என்பது மட்டும் வழக்கம்.

கடைசியாக, நம் கருத்தை அவர் ஏற்காதபோது என்ன செய்வது என்பது. அந்த வெள்ளை டி-ஷர்ட்டுக்கு 160இல் சாம்பிள் போனது. பார்த்துவிட்டு, விலை கூடுகிறது, 140ஏ போதும் என்றார்கள். தாராபுரத்துப் பெண் மறுபடியும் வாதாடத் தயாரானாள். வேண்டாம் என்றேன். கருத்தை ஒரு முறை தெளிவாகச் சொல்லலாம். புதுக் காரணம் இருந்தால் இரண்டாம் முறை சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால், முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்று சொல்வதாகிவிடும். ‘ஃபேர் இனஃப். வீ வில் கோ வித் 140’ என்று சொல்லச் சொன்னேன். பிறகு, பேசியதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில், வெள்ளையில் உள்ளே தெரியும் என்பதைப் பேசினோம், நீங்கள் 140ஐத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தேதியோடு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ‘இது சந்தேகப்படுவது போல் இருக்காதா அக்கா?’ என்று கேட்டாள். ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம் வாட் வீ டிஸ்கஸ்ட்’ என்று தொடங்கினால் இருக்காது என்றேன். அனுப்பினாள். ‘தேங்க்ஸ், நோட்டட்’ என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது. துணிக்கு அன்று மாலையே நூல் போட்டுவிட்டோம்.